நான் எழுதிய மூன்றாம் பந்தி

அனுப்புநர்:
செல்லசாமி கஜேந்திரன்,
வீட்டு இல. 14, ஐந்தாம் இலக்க லயம்,
கீழ்ப்பிரிவு, ஆர்ட்லோ தோட்டம்,
வட்டகொடை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

பொருள்: 2025.04.02 ஆம் திகதி நான் ஒப்பமிட்டு அனுப்பிய முறைப்பாட்டில் பொய் இருப்பதை அறிவித்தலும், அதன் பேரில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுக்கான இலவச விடுமுறை முகாமை மீண்டும் நடத்த அனுமதி கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் பகுதியில், பதினெட்டு வருடங்களாக வேலை செய்பவன். என் மனைவி சண்முகவடிவு அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். எங்களுக்கு ஒரே மகள். பெயர் கிருஷாந்தி, வயது பதின்மூன்று. ஆர்ட்லோ தமிழ் வித்தியாலயத்தில் தரம் எட்டில் படிக்கிறாள்.

2. தங்கள் அலுவலகக் கோப்புகளில் என் கையெழுத்து பல இடங்களில் இருக்கும். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் எழுத்து அழகாக வரும், அரச கடிதங்களின் நடையும் ஓரளவு பிடிபடும் என்பதால், எங்கள் பிரிவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பதினாறு வருடங்களாக எழுதிக் கொடுக்கிறேன். மூன்றாம் லயத்து வீட்டு வரிசைக்குக் குடிநீர்க் குழாய், மழை பிடித்தால் சரிகிற மண்மேடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்று எத்தனையோ. எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கீழே நான் சொல்லப்போவதற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம் என்பதால் இதை முதலில் குறிப்பிடுகிறேன்.

3. எங்கள் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் செல்வி துரைராசா ஊர்மிளா அவர்களும் வேறு சில ஆசிரியைகளும் சேர்ந்து, அஸ்வெசும நிவாரண உதவி பெறும் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்காகப் பத்து நாள் விடுமுறை முகாம் ஒன்றை இலவசமாக நடத்துவது தாங்கள் அறிந்ததே. தங்குமிடம், சாப்பாடு, ஆங்கிலம், விளையாட்டு எல்லாம் உண்டு. வட்டகொடைக்கு மேலே ஆள் இல்லாமல் கிடந்த பழைய பங்களா ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த ஆசிரியைகளே சுண்ணாம்பு அடித்து அதைச் சரிசெய்திருந்தார்கள். கடந்த மார்ச் 17 முதல் நடந்த முகாமுக்கு முப்பத்துநான்கு பிள்ளைகள் தெரிவானார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

4. அவளை நான் அனுப்பியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு வராத பிள்ளை, பத்து நாள் நல்ல சாப்பாடாவது சாப்பிட்டு வரட்டும் என்று நினைத்தேன். ஆசிரியை கொடுத்தனுப்பிய அனுமதிப் படிவம் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், பிள்ளைக்கு வைத்தியப் பரிசோதனையோ சிகிச்சையோ தேவைப்பட்டால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லச் சம்மதிக்கிறேன் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. மற்றவர்கள் ஒப்பமிடும் முன் வரிக்கு வரி வாசித்துக் காட்டுகிற நான், அன்று வேலைக்கு நேரமாகிவிட்டதென்று என் மகளின் படிவத்தை வாசிக்காமலே ஒப்பமிட்டேன்.

5. ஐயா, படிப்பு வராத பிள்ளை என்று மேலே எழுதினேன். அப்படித்தான் ஆறு வருடமாக நம்பியிருந்தேன். வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவள் முப்பத்தெட்டாவதாக வருவாள். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள், அதுவும் பாதி பிழையாக இருக்கும். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் வாசிப்பாள். "ஏங்க, புள்ள புத்தகத்த மோந்து பாக்கிற மாதிரி வச்சுக்கிட்டுப் படிக்குது" என்று என் மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னார். அது சோம்பேறித்தனம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சாயங்காலத்தில் அவளை நிமிர்ந்து உட்கார வைத்து, புத்தகத்தை ஒரு முக்காலியின் மேல், அவளுடைய கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். அவள் உதடு அசையும். நான் பக்கத்தில் மனு எழுதிக்கொண்டிருப்பேன். அவள் வாசிக்கவில்லை, வகுப்பில் காதால் கேட்டதில் நினைவிருந்ததைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்பதை இந்த வருடம்தான் அறிந்தேன். தவணைப் பரீட்சை அறிக்கை வரும்போதெல்லாம் அடித்தும் இருக்கிறேன். இதைத் தங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை விளங்கிக்கொள்ள முடியாது.

6. முகாமின் மூன்றாம் நாள் பிள்ளைகளை வட்டகொடையிலிருந்து பட்டிப்பொலைக்கு ரயிலில் கூட்டிப் போயிருக்கிறார்கள். இரண்டு ஆசிரியைகளும் தாய்மார் மூவரும் கூடப் போனார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப் பலகையை யார் முதலில் வாசிக்கிறார்கள் என்று ஒரு விளையாட்டு வைத்தாராம் ஊர்மிளா டீச்சர். என் மகள் ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் சொன்ன பிறகே சொல்லியிருக்கிறாள். நானுஓயாவில் ரயில் சற்று நேரம் நின்றபோது, ஆசிரியை அவளை மட்டும் மேடையில் இறக்கி, மற்றப் பிள்ளைகளை வாய்திறக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு, பலகையை வாசிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. பலகையை நோக்கி ஒவ்வோர் அடியாக நடக்கச் சொன்னார். எழுத்து தெரிந்த இடத்தில் நில் என்றார். என் மகள் பலகைக்கு நேர் கீழே போய் நின்றுதான் வாசித்தாளாம்.

7. அன்று மாலை நான் வேலை முடிந்து வெளியே வரும்போது ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். பிள்ளையின் பார்வையை உடனே பரிசோதிக்க வேண்டும், மறுநாள் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாமா, நீங்களும் வர முடியுமா என்று கேட்டார். லீவு கிடைக்காது என்றேன். "நீங்களே பாத்துக்கங்க டீச்சர்" என்று சொன்னேன். இந்த வசனத்தை நான் சொன்னேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கோப்பில் குறித்துக்கொள்ள வேண்டும்.

8. மறுநாள் கண் டொக்டர் பார்த்தார். தூரப் பார்வை மிகவும் குறைந்திருக்கிறது, சிறு வயதிலேயே கண்ணாடி போட்டிருக்க வேண்டிய பிள்ளை என்று அட்டையில் எழுதியிருக்கிறார். நான்கு நாளில் மூக்குக் கண்ணாடி கைக்கு வந்தது.

9. மார்ச் 26 ஆம் திகதி முகாமின் நிறைவு நாள். பெற்றோரை அழைத்திருந்தார்கள். தோட்டத்து லொறியில் போனோம். ஒவ்வொரு பிள்ளையாக வந்து பாட்டு, பேச்சு என்று ஏதாவது செய்தார்கள். என் மகள் கண்ணாடியோடு வந்தாள். கையில் இருந்த தாளைச் சாதாரண தூரத்தில் பிடித்து, திக்கித் திணறி, ஆனால் பிழையில்லாமல் ஒரு பக்கம் வாசித்தாள். நான் அவள் வாசித்துக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வாசித்து முடித்ததும் தாளை மடித்துவிட்டு, யாரும் கேளாமலே பேசினாள். "முன்னாடி மலை பூரா ஒரே பச்சையா தெரியும். இப்பதான் கொழுந்து தனித்தனியா தெரியுது. அம்மா எந்த நெறையில நிக்கிறாங்கன்னு ரோட்டுல இருந்தே கண்டுபிடிச்சிருவேன்" என்றாள். சனம் சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பா அடிப்பாங்க. அவங்க மேல தப்பில்ல. எனக்குக் கண்ணு தெரியலன்னு அவங்களுக்குத் தெரியாது" என்றாள்.

10. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் லொறியில் என்னோடு வேலை செய்யும் அழகன், "ஊருக்கெல்லாம் மனு எழுதுறீங்க. வூட்டுல புள்ளைக்குக் கண்ணு தெரியலன்னு தெரியாமப் போச்சே அண்ணே" என்றார். அதில் குத்தல் இல்லை. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. அன்று எனக்கு அது வருத்தமாகக் கேட்கவில்லை. ஊர்மிளா டீச்சர் என்னைத் தோட்டத்தின் முன்னால் நிறுத்தி வைத்துத் தண்டித்ததாகவே பட்டது. அவர் அந்த நிகழ்ச்சியில் என்னைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எனக்கு வணக்கம் சொல்லி, கண்ணாடியைத் துடைக்கும் துணியை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

11. ஏப்ரல் 2 ஆம் திகதி தங்களுக்கு முறைப்பாடு எழுதினேன். நான் எழுதியவற்றில் மிகவும் நன்றாக அமைந்த மனு அதுதான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலாம் பந்தியில் பெண்பிள்ளைகளுக்கு ட்ரக் கால்சட்டை அணிவித்து விளையாட விட்டார்கள் என்று எழுதினேன். அது உண்மை. அதில் தவறு என்ன என்று இன்று என்னைக் கேட்டால், ஒன்றுமில்லை என்பேன். இரண்டாம் பந்தியில் ரயில் பயணத்தைப் பற்றி எழுதி, "போதிய பாதுகாப்பின்றி" என்ற இரண்டு சொற்களை நானாகச் சேர்த்தேன். மூன்றாம் பந்தி வருமாறு:

"தந்தையாகிய எனக்கு அறிவிக்காமலும், எனது எழுத்துமூல அனுமதியைப் பெறாமலும், எனது வயது குறைந்த மகளை முகாமிலிருந்து வெளியே கொண்டுசென்று வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தியுள்ளனர்."

ஐயா, இந்தப் பந்தி முழுவதும் பொய். எனக்கு அறிவித்தார்கள். எழுத்துமூல அனுமதி இருந்தது. எழுதும்போதே எனக்கு இரண்டும் தெரியும்.

12. முறைப்பாட்டுக்குப் பலம் சேர்க்கப் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாளை நீட்டினேன். "பள்ளிக்கூட விசயம்" என்று மட்டும் சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கொண்டுவரும் தாளில் அவர்கள் கேள்வி கேட்டதே இல்லை.

13. ஒன்பதாம் நாள் தங்கள் அலுவலகக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. முகாமுக்கான அனுமதி இரத்து. ஓகஸ்ட் 8 ஆம் திகதி தொடங்கவிருந்த அடுத்த முகாமும் இல்லை. செல்வி ஊர்மிளா மீது விசாரணை. அது முடியும்வரை அவர் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டுத் தங்கள் அலுவலகத்தில் இணைக்கப்படுகிறார். அவரிடமோ மற்ற ஆசிரியைகளிடமோ, என்னிடமே கூடவோ, ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. படிவம் அலுவலகத்தில் இருந்திருக்கும். எடுத்துப் பார்த்திருந்தால் நான்காம் பக்கத்தில் என் கையெழுத்து இருந்திருக்கும்.

14. மரியாதைக் குறைவாக எண்ணாமல் இதையும் தாங்கள் கேட்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்காக நான் ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். விஞ்ஞான ஆசிரியருக்காக ஏழு தடவை. கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று இரண்டு பதில்கள் வந்தன, மற்றவற்றுக்கு அதுவும் வரவில்லை. பதினாறு வருடத்தில் நான் எழுதிய மனுக்களில் உடனே பலித்தது இந்த ஒன்றுதான். ஏனென்று பல நாள் யோசித்தேன். மற்றதெல்லாம் ஏதாவது ஒன்றைத் தரும்படி கேட்டவை. இது மட்டும் இருப்பதை நிறுத்தும்படி கேட்டது. கடிதம் வந்த அன்று நான் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் உறையை மட்டும் தொழிற்சாலையில் நாலு பேருக்குக் காட்டி, என் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது என்றேன்.

15. மே மாதம் முதல் வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் லயத்து அழகம்மா என் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லாதவர். அவருடைய மகள் ஷாமிலாவின் பெயர் ஓகஸ்ட் முகாமின் பட்டியலில் இருந்தது. அந்தப் பிள்ளை இதுவரை நுவரெலியா டவுனைத் தாண்டிப் போனதில்லை. முகாமுக்கென்று தாய் ஒரு பையும் துவாயும் வாங்கி வைத்துவிட்டார். "அண்ணே, முகாம யாரோ எழுதிப் போட்டு நிப்பாட்டிட்டாங்களாம். அத திரும்ப நடத்தச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்.

அந்த "யாரோ" எழுதியதில் ஆறாவது கையெழுத்து அழகம்மாவுடையது.

16. நான் அவரை உட்காரச் சொன்னேன். என் மனைவி தேநீர் கொடுத்தார். அப்பா மனு எழுதப் போகிறார் என்று நினைத்த என் மகள், நான் வழக்கமாகக் கேட்பதுபோலப் பழைய நகல் ஒன்றை மாதிரிக்கு எடுத்து வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தது ஏப்ரல் மாதத்து நகல். முன்பெல்லாம் அவள் அந்தத் தாள்களை எடுத்துத் தருவாள், வாசிக்க மாட்டாள். அன்று நின்றபடியே வாசித்தாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினாள். எங்கள் வீடு சிறியது. அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று அவளுடைய முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. தாளை என் முன்னால் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "அப்பா, இதுல மூணாவது பந்தி பொய்" என்றாள்.

17. அழகம்மா, "என்னா பாப்பா அது?" என்று கேட்டார். மகள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அழகம்மாவுக்கு நானே சொன்னேன். தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்து என்றும் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை வாங்கி அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "நீங்க குடுத்தா வாசிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணலண்ணே" என்றார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். என் மனைவி அவரோடு வாசல்வரை போய், திரும்பி வந்து, அந்தக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

18. இதற்குப் பிறகும் மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. விசாரணை தானாக முடிந்துவிடும், ஆசிரியை வந்துவிடுவார், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மகள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. கூப்பிட்டால் வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அவளுடைய கொப்பிகளை என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் தமிழ்ப் பாடத்தில் அறுபத்திரண்டு புள்ளி எடுத்ததைத் தாயிடம் மட்டும் காட்டினாள். நான் அதே அறையில்தான் இருந்தேன். கணிதத்தில் எவ்வளவு என்று கேட்டேன். "கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லப்பா. சோதனையே வைக்கல" என்றாள்.

19. மே 25 ஆம் திகதி ஊர்மிளா டீச்சர் தங்கியிருக்கும் வீட்டைத் தேடிப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை ஒழுங்காக் கண்ணாடி போடுறாவோ?" என்பது. போடுகிறாள் என்றேன். நான் செய்ததைச் சொன்னேன். முறைப்பாட்டின் நகலையும் கொடுத்தேன். அவருக்கு அது வரை அதைக் காட்டியிருக்கவில்லையாம். முழுவதையும் வாசித்தார். மூன்றாம் பந்தியில் கொஞ்சம் நின்றார். அழுவார் என்றோ ஏசுவார் என்றோ நினைத்தேன். "ஏன்?" என்று மட்டும் கேட்டார். வெட்கம், என்றேன்.

20. அவர் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். என் மகளுடைய விசயம் தெரிந்த பிறகு, முகாமில் இருந்த முப்பத்துநான்கு பேரையும் ஒவ்வொருவராகச் சுவரில் எழுத்து ஒட்டிப் பரிசோதித்திருக்கிறார்கள். என் மகளைத் தவிர இன்னும் ஐந்து பேருக்குப் பார்வையில் குறை. ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்கவில்லை. இந்த ஆறு பேருக்கும் ஏப்ரல் கடைசியில் வைத்தியசாலையில் திகதி வாங்கியிருந்தார்கள். தங்கள் கடிதம் வந்ததும், பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லக்கூடாது என்று சொல்லப்பட்டதால் அந்தத் திகதிகள் தவறிப்போயின. இரண்டு பிள்ளைகளைப் பெற்றோரே பின்னர் கொண்டுபோயிருக்கிறார்கள். நான்கு பேர் அப்படியே இருக்கிறார்கள். ஓகஸ்ட் முகாமில் முதல் நாளே எல்லாருக்கும் கண்ணும் காதும் பார்ப்பதாக இருந்ததாம். "எனக்கு நீங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதத் தேவையில்லை. அந்த நாலு பிள்ளையளும் டொக்டரிட்டப் போக வேணும். முகாம் நடக்க வேணும்" என்றார் ஆசிரியை. பிறகு என் மகளுக்கு ஆறு மாதத்தில் மறுபடி கண் பரிசோதிக்க வேண்டும் என்று நினைவூட்டி, திகதியை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

நான் எழுதிய மூன்றாம் பந்தி எத்தனை பேர் மேல் விழுந்திருக்கிறது என்பதை அன்று அந்த வாசலில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

21. அதன் பிறகு கையெழுத்திட்ட பதினொரு பேரின் வீடுகளுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் முறைப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டி, எது பொய் என்றும் சொன்னேன். இது ஒரு வாரம் எடுத்தது. எட்டுப் பேர் தம் கையெழுத்தை மீளப் பெறுவதாக எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தத் தாள்களை அவர்களுடைய பிள்ளைகளே எழுதினார்கள். நான் எழுதுவதை இரண்டு வீடுகளில் விரும்பவில்லை. இரண்டு பேர், பெண்பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே தங்குவது தமக்கு எப்படியும் உடன்பாடில்லை, கையெழுத்து இருக்கட்டும் என்றார்கள். அது அவர்களுடைய கருத்து. அதை நான் மறைக்கவில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர் ஆண்டியப்பன் அவர்கள், "இப்ப போயி பொய்னு எழுதினா நாளைக்கு நம்ம தோட்டத்து மனுவ எவன் மதிப்பான்?" என்று கேட்டுக் கையெழுத்தை மீளப் பெற மறுத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் பயம்தான். ஆனால் பொய்யை விட்டுவைத்துக் காப்பாற்றுகிற மதிப்பு எங்களுக்குக் குடிநீர்க் குழாயைக் கூடக் கொண்டுவரவில்லையே என்று அவரிடம் சொன்னேன். அழகம்மா எழுதித் தந்தார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

22. ஜூன் மாதத்தில் இரண்டு தடவை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். முறைப்பாட்டை மீளப் பெற வந்திருக்கிறேன் என்றதற்கு, விசாரணை தொடங்கிய பின் மீளப் பெற முடியாது, சொல்ல வேண்டியதைப் புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று முகப்பில் இருந்த உத்தியோகத்தர் சொன்னார். இரண்டாம் தடவை வந்தபோது, நீண்ட நடைவழியின் கடைசியில் ஒரு மேசையில் ஊர்மிளா டீச்சர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அவர் முன்னால் புத்தகமோ கோப்போ எதுவும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் பாடசாலையில் நான்கு வகுப்புகள் கணித ஆசிரியர் இல்லாமல் இருக்க, அவர் காலை எட்டு மணியிலிருந்து அந்த மேசையில் வெறுமனே இருக்கிறார். இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான்.

23. ஆகவே ஐயா, நான் பணிவாகக் கேட்டுக்கொள்வது:

2025.04.02 ஆம் திகதிய என் முறைப்பாட்டின் மூன்றாம் பந்தி முழுவதும் பொய் என்றும், இரண்டாம் பந்தியில் "போதிய பாதுகாப்பின்றி" என்பது என் சொந்தச் சேர்க்கை என்றும் கோப்பில் பதிய வேண்டும்.

செல்வி துரைராசா ஊர்மிளா அவர்கள் மீதான விசாரணையை முடித்து, அவரை எங்கள் பாடசாலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். குற்றமற்றவர் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் அதைப் பிள்ளைகள் முன்னால் வாசித்தால், நான் அங்கு வந்து நிற்கவும் தயார்.

ஓகஸ்ட் 8 ஆம் திகதி முகாமுக்கு அனுமதி வழங்க வேண்டும். இன்றிலிருந்து அதற்கு முப்பத்திரண்டு நாட்கள் இருக்கின்றன. தெரிவான முப்பத்தாறு பிள்ளைகளும் இன்னும் பெயரை விலக்கிக்கொள்ளவில்லை.

முகாம் பற்றிய முடிவு தாமதமானாலும், வைத்தியசாலைத் திகதி தவறிய நான்கு பிள்ளைகளின் விசயம் தாமதிக்கக் கூடாது. அவர்களை அழைத்துச் செல்ல ஆசிரியைகளுக்குத் தடை இல்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அதில் ஒரு பிள்ளை தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று புள்ளியில் தவறியவள். என் மகளைப் போலவே அவளும் வகுப்பில் கடைசி வாங்கில், பின்பெஞ்சில், இருப்பவள்.

பொய் முறைப்பாடு கொடுத்ததற்காக என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். லீவு கிடைக்காது என்று இம்முறை சொல்லமாட்டேன்.

24. இன்னும் ஒன்று. சென்ற முறை தங்கள் பதில் பதிவுத் தபாலில் என் பெயருக்கு வந்தது. ஆசிரியை தன்மேல் என்ன குற்றம் என்று அறிந்ததே நான் போய்ச் சொன்ன பிறகுதான். இந்த மனுவுக்குத் தாங்கள் எழுதும் பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. நடைவழியின் கடைசி மேசையில் இருப்பவரைத் தங்கள் அறைக்கு அழைத்து, அவர் கையில் கொடுங்கள். அவர் வகுப்புக்குத் திரும்பி வந்தால் எங்களுக்கு அதுவே பதில்.

இம்முறை நடந்ததை நடந்தபடி எழுதியவன்,

(ஒப்பம்)
செ. கஜேந்திரன்

இடம்: ஆர்ட்லோ தோட்டம், வட்டகொடை
திகதி: 2025.07.07

இணைப்புகள்:
அனுமதிப் படிவத்தின் நான்காம் பக்கம், என் ஒப்பத்துடன்.
கண் வைத்தியரின் அட்டையின் பிரதி.
கையெழுத்தை மீளப் பெற்ற எட்டுப் பேரின் கடிதங்கள்.
வைத்தியசாலைத் திகதி தவறிய நான்கு பிள்ளைகளின் பெயர், தரம், பெற்றோர் பெயர்.

பிரதி: செல்வி துரைராசா ஊர்மிளா அவர்களுக்கும், ஆர்ட்லோ தமிழ் வித்தியாலய அதிபருக்கும், இரண்டாம் லயம் அழகம்மா அவர்களுக்கும்.